பல்செட்டுக்காரரும் யோவான் ஆறாம் அதிகாரமும்

பல்செட்டுக்காரருக்கு யார் முகமும் நினைவில் நிற்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் திருதிருவென்று விழிப்பார். எதிராளி சிரித்துவிட்டால் போதும், "அடடே, மேல்வரிசை முழுசெட்டு! வலப்பக்கம் இன்னும் உறுத்துதா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அதில் இருபத்தாறு வருடமாக மெழுகு உருக்கி, அச்சு மாவு குழைத்து, அடுத்தவர் வாய்க்காகவே உழைக்கிறார். சொந்த வாயைத் திறக்கத்தான் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவர்போல ஒரு மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன், கட்டில் பீரோ வியாபாரி. செருப்பு வார் அறுந்து கடை வாசலில் குனிந்தவனுக்குக்கூட மெத்தை விற்றுவிடுகிற ஆள். போன வருடம் அவர் கத்தோலிக்கக் கோயிலை விட்டு வேறொரு சபைக்கு மாறினார். மாறினவர் சும்மா இருந்தாரா? சனிக்கிழமை தவறாமல், கக்கத்தில் வேதாகமத்தோடு தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார்.

"மாப்ள, அப்பத்தைக் கையில எடுத்து 'இது என் உடல்'னு ஆண்டவர் சொன்னது ஒரு அடையாளத்துக்கு. சுவத்துல போட்டோவைக் காட்டி 'இது எங்க அப்பா'ன்னு நான் சொல்றதில்லையா? அதுக்காக அப்பா ஆணியிலயா தொங்குறாரு?"

பல்செட்டுக்காரர் தன் தொழிலிலிருந்தே ஓர் ஆயுதம் எடுத்தார். யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் தன் சதையை முதலில் 'உண்ணுங்கள்' என்று பொதுவாகத்தான் சொல்கிறார். ஜனங்கள் முணுமுணுத்த பிறகு, மூலமொழியில் கடித்து மெல்லுவதற்கான சொல்லுக்கே மாறிவிடுகிறார் என்று பங்குச் சாமியார் விளக்கியிருந்தார்.

"மெல்லுறது வேற, மச்சான். எங்கிட்ட வர்றவங்க எல்லாருமே சாப்பிட்டேன்னுதான் சொல்வாங்க. மென்னீங்களான்னு கேட்டாத்தான் உண்மை வெளிய வரும்."

"அப்படியா? நீங்க பேசும்போது பாதி வார்த்தையை மென்னு முழுங்குறீங்களே, அது எந்தப் பல்லால?"

மனைவி சிரித்துவிட்டாள். பல்செட்டுக்காரர் மிச்சமிருந்த வார்த்தையையும் மென்று விழுங்கினார்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் கோயில் திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தபோது, அவள் எழவில்லை. இருபத்துநாலு வருடமாக அவள் முன்னே, அவர் பின்னே என்று போன வரிசை அது. இன்றைக்கு அவருக்கு வழிவிட முழங்காலைச் சற்றே ஒதுக்கிக்கொண்டாள், பேருந்தில் அந்நியருக்கு ஒதுக்குகிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க. வெறும் அடையாளம்னு மனசுல ஒரு சந்தேகம் வந்துட்டப்புறம் கையை நீட்டினா, அது பொய்யில்லையா? வர்ற சனிக்கிழமை அண்ணன்கிட்ட நீங்க பேசுங்க. எனக்குத் தெளிஞ்சா உங்ககூட வர்றேன். தெளியலைன்னா ஞாயித்துக்கிழமை அண்ணன்கூடப் போறேன்."

ஆறு நாள் கெடு. மூன்று நாள் அவருக்குத் தூக்கமே இல்லை. ஒருவருக்குச் செய்து கொடுத்த கடைவாய்ப் பல் இடம் மாறியே போயிற்று.

புதன்கிழமை ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் வந்தார். புது செட்டு சரியாக உட்காரவில்லை. பல்செட்டுக்காரர் மேசையில் இருந்த மாவு அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தொழிலில் அந்த அச்சுக்குப் பெயர் தாடை. நினைவெல்லாம் மச்சானிடம் இருக்க, வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "ஐயா, உங்க தாடையை உடைச்சிட்டு வேற தாடை ஊத்தணும். சுத்தியல் இங்கதான் எங்கயோ கிடந்தது..."

நிமிர்ந்தால் நாற்காலி காலி. பொக்கைவாயைப் பொத்திக்கொண்டு டிரைவர் தெருவில் பறந்துகொண்டிருந்தார்! இவர் மாவு அப்பின கையோடு பின்னாலேயே ஓடினார். "ஐயா! நில்லுங்க! நான் சொன்னது மாவுத் தாடை! உங்க தாடை இல்ல!" மூன்றாவது முக்கில் பிடித்து, நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்து திரும்ப அழைத்து வந்தார்.

அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கும்போதுதான் பல்செட்டுக்காரருக்குப் பொறி தட்டியது. வேலை முடிந்ததும் மேசையிலேயே யோவானைத் திறந்தார். ஒவ்வொரு வசனமாக விரல் வைத்துப் படித்தார். மாவு ரேகை பக்கம் முழுக்கப் பதிந்தது. சனிக்கிழமை வரைக்கும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை மச்சான் வந்து சாய்வதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், பீரோ பாக்க வந்தவரு நீங்க சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுகிட்டுக் கடையை விட்டு இறங்குறாரு. என்ன செய்வீங்க?"

"இதென்ன கேள்வி? ஓடிப்போய்க் கையைப் புடிச்சு, 'சார், நான் அப்படிச் சொல்லல'ன்னு விளக்கிக் கூட்டிட்டு வருவேன்."

"நானும் அப்படித்தான் ஓடினேன். ஆண்டவர் ஏன் ஓடல?"

மச்சான் தலையைச் சொறிந்தார்.

"'என் சதை உண்மையான உணவு'ன்னு சொன்னதும், இதை யார் கேட்பாங்கன்னு சொந்தச் சீடர்களே இறங்கிப் போயிட்டாங்க. 'அடையாளத்துக்குத்தாம்பா சொன்னேன்'னு ஒரு வார்த்தை போதுமே? நண்பன் லாசர் தூங்குறான்னாரு, சீடருங்க நிஜத் தூக்கம்னு நினைச்சப்போ, செத்துட்டான்னு உடைச்சே சொன்னாரே. இங்க மட்டும் ஏன் சொல்லல? மீதி இருந்த பன்னிரண்டு பேரையும் பாத்து, நீங்களும் போறீங்களான்னு கேட்டுட்டாரே!"

"விளக்கினாரே மாப்ள!" மச்சான் துள்ளி எழுந்தார். "அறுபத்துமூணாம் வசனம். மாம்சம் ஒன்றுக்கும் உதவாதுன்னு!"

"அது அறுபத்துமூணு. அவங்க விலகிப் போனது எத்தனையாவது?"

மச்சான் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. தங்கைதான் எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"அறுபத்தாறு." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உதவாதுன்னு சொல்லி முடிச்ச அப்புறந்தானே போயிருக்காங்க? அடையாளந்தான்னு அதுல புரிஞ்சிருந்தா, எதுக்குப் போகணும்?"

"அவர் மாம்சம்னு சொல்லி உதவாதுன்னது தன் சதையை இல்ல, நம்ம புத்தி மட்டும் வச்சு அளக்கிறதை" என்றார் பல்செட்டுக்காரர். "தன் சதையை உலகத்தோட வாழ்வுக்காகத் தர்றேன்னு கொஞ்சம் மேலதான் சொல்லியிருக்காரு. அது எப்படி உதவாமப் போகும்?"

"அப்ப போட்டோ?" மச்சானின் கடைசிச் சரக்கு.

"உங்கப்பா போட்டோவை ஒருத்தன் கிழிச்சா?"

"செவுள்ல விடுவேன்."

"கொலைக் கேஸ் போடுவீங்களா? போட மாட்டீங்க. ஆனா தகுதியில்லாம இந்த அப்பத்தைத் தின்னா, ஆண்டவரோட உடலுக்கும் ரத்தத்துக்கும் எதிராவே குத்தம் செஞ்சவன்னு திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதின கடிதத்துல சொல்லியிருக்காரு. வெறும் போட்டோவுக்கு இவ்வளவு பெரிய வழக்கா?"

மச்சான் வேதாகமத்தை மெல்ல மூடினார். "யோசிக்கணும் மாப்ள" என்றார். வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரையும் யோசிக்கவிடாத மனிதர்! செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

மனைவி மட்டும் கணவரின் வேதாகமத்தை எடுத்து, மாவு ரேகை பதிந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்த மாவுக் கையோடயா இதைத் தொட்டீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. வரிசை எழுந்தது. பல்செட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புடவை சரசரத்தது. அவள் எழுந்துவிட்டாள், எழுந்தது மட்டுமா, "என்ன, எழுந்திருக்க மாட்டீங்களா?" என்று அவர் தோளில் ஒரு தட்டும் தட்டினாள். அவள் முன்னே, அவர் பின்னே.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்று அப்பத்தை உயர்த்தினார் சாமியார்.

"ஆமென்!" என்றாள் அவள். பாடகர் குழு ஒரு வரி தவறிப்போகிற அளவுக்குச் சத்தமாக.