இருபது சட்டித் தயிரும் பின் பல்சக்கரமும்

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கும்போது, குதிரைவலு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய இலக்கத்தைப் பார்த்து மனம் நிறைந்துபோயிற்று. பழைய வண்டியைவிட இரண்டு மடங்கு. குதிரை இழுக்கிற மிருகம்தானே, கூடுதல் குதிரை கூடுதல் பாரம் இழுக்கும் என்று நினைத்துவிட்டேன்.

என் பாரம் தயிர். எங்கள் பக்கத்துக் கிரான் ஊரில் எருமைப் பால் எடுத்து, மண்சட்டிகளில் உறையவைத்து, விடிந்ததும் பலகைப் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கிக்கொண்டு போவேன். உறைந்த தயிர் குலுங்கக் கூடாது. வண்டி ஒரு வெட்டு வெட்டினால் கட்டி உடைந்து தண்ணீர் விட்டுவிடும். அதை யாரும் பந்தியில் வைக்க மாட்டார்கள்.

வயல் வட்டைக்குள்ளால் போகும் மண்பாதையில் பழைய வண்டி முக்கி முக்கி ஏறும், ஆனால் வெட்டாது. புதியது குழிக்குள் மெதுவாக இறங்கினால் இருமும். முறுக்கினால் சற்று யோசித்துவிட்டுத் திடீரென்று பாயும். முதல் வாரமே பாதிச் சட்டிகள் போயின.

அந்த நேரத்தில்தான் தன்னாமுனைக் கலியாண வீடொன்றுக்கு இருபது சட்டி ஒப்புக்கொண்டிருந்தேன். பெண்ணின் தகப்பன் முதலிலேயே சொல்லிவிட்டார்: “தம்பி, மாப்பிள வீட்டாக்கள் தயிரத்தான் முதல் பாப்பாங்க. தண்ணி விட்டா என்ட முகத்துல முழிக்காத.”

சட்டிகளில் தண்ணீர் நிரப்பி ஏற்றி ஓடிப் பார்த்தேன்.

“இஞ்சருங்க, தண்ணிச் சட்டிய வச்சிக்கொண்டு எங்க ஊர்வலம்?” என்று சிரித்தாள் மனைவி. திரும்பி வந்தபோது ஒவ்வொன்றிலும் அரைச்சட்டித் தண்ணீர்தான் மிச்சம். அவள் பிறகு சிரிக்கவில்லை.

ஏறாவூரில் என்னைவிட இளைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

“அண்ணன், குதிரைவலு றோட்டுல பறக்கிறதுக்கு. நிண்ட இடத்துல இரிந்து பாரத்தக் கிளப்பிறது இழுவை. இந்த எஞ்சினுக்கு இழுவை எல்லாம் மேல் சுற்றில, வேகமாச் சுத்தக்கதான் இரிக்கி. நீங்க ஆமை மாதிரிப் போறீங்க.”

“அப்ப வித்துப்போடவா தம்பி?”

“ஏன் விக்கிற? பின் பல்சக்கரத்தப் பெரிசாப் போடுவம். மெதுவாப் போனாலும் எஞ்சின் வேகமாச் சுத்திக்கொண்டிருக்கும். ஆனா வேகம் குறையும். பறக்க ஏலாது, சம்மதமா?”

“நான் எப்ப தம்பி பறந்தன்?”

செயினுக்கும் இரண்டு கண்ணி சேர்த்தார்.

கலியாணத்தன்று இருபத்தொரு சட்டி ஏற்றினேன். ஆட்டோக்கள் முந்தின, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளும் முந்தியது. வண்டி ஒரு இடத்திலும் பாயவில்லை. ஆனாலும் நான்கு தரம் நிறுத்திச் சட்டி மூடிய கடுதாசியைத் தூக்கிப் பார்த்தேன்.

பெண்ணின் தகப்பன் ஒவ்வொன்றாகத் திறந்தார். எட்டாவது சட்டியின் ஓரத்தில் தண்ணீர் நின்றது. அவர் நிமிர்வதற்குள் அதை எடுத்துவிட்டுக் கூடுதலாகக் கொண்டுவந்த சட்டியை வைத்தேன்.

“இருபதுதானே சொன்னன், இது என்ன?”

“அது பயத்துக்கு ஐயா.”

அவர் கரண்டியால் வெட்டிப் பார்த்தார். வெட்டிய இடத்தில் தயிர் உடையாமல் கரை பிடித்து நின்றது. “சரி, உள்ளுக்க கொண்டு போ,” என்றார்.

எட்டாவது சட்டியை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். தண்ணீரை வடித்துவிட்டுச் சீனி போட்டுச் சாப்பிட்டார். இப்போது சட்டிகள் அநேகமாக அப்படியே போய்ச் சேருகின்றன. ஆனாலும் ஒன்று கூடுதலாகத்தான் ஏற்றுகிறேன்.