வார்டரும் கைதிதான்

தூத்துக்குடியில் கண்காட்சி தொடங்கிய முதல் நாளே வார்டர் பொம்மையின் மூக்கை உடைத்துவிட்டார்கள்.

அந்தமான் செல்லுலார் ஜெயிலின் வரலாற்றை எங்கள் துறை ஊர் ஊராகக் கொண்டு போனது. நான் அதில் கைடு. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில், ப்ளைவுட்டில் ஒரு கொட்டடி, ஒரு செக்கு. செக்கிழுக்கும் அரசியல் கைதி, பின்னால் பிரம்போடு வார்டர். இரண்டும் ஃபைபர் பொம்மைகள். நான் விளக்கி முடித்ததும் மாணவர்கள் வார்டரை அறைந்துவிட்டுப் போவார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

உடைந்த துண்டைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவர் சேவியர் அண்ணாச்சி, வயதான தோணிக்காரர். தன் தாத்தா அங்கே வார்டராக இருந்தார் என்று மெதுவாகச் சொன்னார்.

வலைத் தகராறில் ஒருவர் செத்துப்போக, தாத்தாவைத் தீவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பல வருஷம் செக்கிழுத்த பிறகு கையில் பிரம்பைக் கொடுத்தார்களாம். விடுதலையாகி ஊர் வந்து, நாடும் சுதந்திரம் அடைந்தபின், அவரைத் தியாகி என்று நினைத்துச் சிலர் மாலையோடு வந்திருக்கிறார்கள்.

“அவிய வாங்கல சார். ‘அடிபட்டவனுக்குப் போடுங்க, நா அடிச்சவன்’னு சொல்லிட்டாவ. அதுக்கப்புறம் ஊர்ல ஒருத்தரும் அவியகூட தோணி ஏறல.”

வார்டர்களிலும் பலர் கைதிகள்தான் என்று ஒரு வரி சேர்க்கலாமா என எங்கள் ஆபீசரிடம் கேட்டேன். அடித்தவனுக்கு வக்காலத்து வாங்கவா கண்காட்சி போட்டிருக்கிறோம் என்று கோபப்பட்டார்.

அண்ணாச்சியும் வக்காலத்துக் கேட்கவில்லை. “நியாயம் பேசாதிய சார். நடந்ததச் சொல்லுங்க, போதும்” என்றார்.

அடுத்து வந்த மாணவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். சில வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரை அடக்கி வைத்தது, கைதியை விட்டே கைதியை அடித்துத்தான் என்றேன். அடிக்க மறுத்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். பிரம்பைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி செக்கில் பூட்டுவார்கள் என்றேன். அன்று பொம்மையை யாரும் அறையவில்லை.

ஆபீசர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கூட்டம் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“சொல்லும் வே. ஆனா அடிபட்டவங்கள முதல்ல சொல்லும். அடிச்சவன் கத அப்புறம்.”

ஓய்வு பெறும்வரை அந்த வரிசையை நான் மாற்றவில்லை. வார்டர் மேல் பரிதாபத்தில் தொடங்கினால் அடிபட்டவர் மறந்துபோவார். அவன்மேல் கோபத்தோடு முடித்தால், பிரம்பைக் கொடுத்தவன் தப்பித்துவிடுவான்.