மவுஸ் வெளியே போனால்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர் என்று வேலை கிடைத்த ஊரிலெல்லாம் இருந்து பார்த்தாயிற்று, எதிலும் நிலைத்ததில்லை. இப்போது எங்கே போனாலும் கைபேசிதான். விரல் பட்டால்தான் அதில் எதுவும் நடக்கும். தொடாமல், மேலே சும்மா நிறுத்தி வைத்தாலே ஒரு முகம் வரும் என்பதை நான் கண்டது ஜெகதாப்பட்டினத்தில், மாமாவின் பிரவுசிங் சென்டரில், இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது.

மாமா என் அம்மாவின் தம்பி. அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் படித்தவர். படகில் ஏறினால் வாந்தி எடுப்பார் என்பதால் கடல் பக்கமே போனதில்லை. ஆனால் எங்கள் ஊர் விசைப்படகுகளுக்கு ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தார். திரையில் படகுகள் வரிசையாக நிற்கும். மவுஸ் அம்பை ஒரு படகின் மேல் கொண்டுபோனால் அதை ஓட்டுகிறவரின் முகம் எழும்பும். முதலில் செய்து முடித்தது அத்தாவின் படகை. அத்தா என்றால் என் தகப்பனார். பெருநாள் சட்டையில் பல் தெரியச் சிரிப்பார்; கீழே ‘வந்துட்டேன்’ என்று எழுத்து வரும்.

“மேல வந்தா ஒன்னு நடக்கணும், வெளிய போனா இன்னொன்னு நடக்கணும். ரெண்டையும் நாமதான் எழுதி வைக்கணும்” என்றார் மாமா.

“வெளிய போறத எழுதாம விட்டா?”

“மொகம் அப்புடியே நின்னுரும். பாக்குறவன் சிரிப்பான், புள்ள.”

நின்றால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அத்தாவுடையது திரும்பவில்லை. எல்லை தாண்டியதாகக் கடற்படை சிறைப்பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு பேச்சு, கவிழ்ந்துவிட்டது என்று இன்னொரு பேச்சு. சிறைப்பிடித்திருக்க வேண்டும் என்று அம்மா அழுது துவா கேட்டாள். ஊரே பயப்படுகிற ஒன்றை இவள் ஏன் வேண்டிக் கேட்கிறாள் என்று குழம்பினேன்.

தகவல் வந்தால் மாமாவின் போனுக்குத்தான் வரும். இறால் உரிக்கிற வேலையைப் பாதியில் விட்டு அம்மா சென்டருக்கு வந்து உட்கார்ந்தாள். ஐஸில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவளைச் சிரிக்கவைக்க நான் மவுஸை நகர்த்தினேன். அத்தா வந்தார். அம்மா கண்ணெடுக்காமல் பார்த்தாள். அம்பை வெளியே இழுத்தேன். முகம் மறைந்தது, அந்த இடத்தில் ‘போறேன்’ என்று வந்தது.

எங்கள் ஊரில் கடைக்குக் கிளம்பினாலும் ‘வாரேன்’ என்றுதான் சொல்வோம். கடலுக்குப் போகிறவர் வாயில் அந்த இன்னொரு சொல் வரவே கூடாது.

“யாருடா இத எழுதுனது?”

“அக்கா, சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது. மச்சானா சொன்னாரு? மவுஸ் வெளிய போனா வர்றது, அக்கா.”

“அவரு மொகம் இருந்த எடத்துலதானே வருது. அழி.”

அம்மா என் கையைத் தட்டிவிட்டு, தானே மவுஸைப் பிடித்தாள். அதற்கு முன் அவள் அதைத் தொட்டதே இல்லை. தடவித் தடவி அம்பைப் படகின் மேல் கொண்டுவந்தாள். அத்தா திரும்ப வந்தார். மாமா பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த வரியை அழித்தார்.

“அழிச்சாச்சு. அம்ப நகத்தி அந்தப் பக்கத்த மறுபடி தொறந்தாத்தான் மாறும். கைய எடுங்கக்கா.”

“எடுத்தா?”

“ஒரே ஒரு தடவ பழசு வரும்.”

“அப்ப எடுக்க மாட்டேன்.”

மாமா கெஞ்சிப் பார்த்தார். “எங்கிட்ட படிக்க வந்த ஒருத்தனுக்கும் மவுஸ இப்புடி ஆடாமப் புடிக்கத் தெரியலக்கா” என்று கிண்டலும் செய்து பார்த்தார். அம்மா மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

அப்போது போன் அடித்தது. மாமா வாசலுக்குப் போனார். கேட்டுக்கொண்டே நின்றார். “ஆமாங்க, மச்சினன்தாங்க” என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

திரும்பி வந்தவர் கையை எடுக்கச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மவுஸ் மேலிருந்த அவள் கைமேல் தன் கையை வைத்து, நகராமல் அழுத்திக்கொண்டார். அம்மா திரையையே பார்த்திருந்தாள். அத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மவுஸைப் பிடிக்க இரண்டு பேரா என்று எனக்குக் கோபம் வந்தது. என் முறை எப்போது வரும் என்று கேட்டேன்.