பாக்காவ் மரத்தின்மேல் ஒரு வீடு

கடல் ஏற்றம் வீட்டுக்குள் வந்து இறங்கிய பிறகு சமையலறைச் சேற்றை வெளியே தள்ளுவது எப்போதும் பாலனின் வேலை. அடுப்பும் அலமாரியும் துடைப்பது குமுதாவின் வேலை. இன்று காலை குமுதா சமையலறைப் பக்கமே வரவில்லை. அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பாலன் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் புல்டோசரில் ஏறி, முப்பது வருஷம் கிள்ளான் கரையோரத்தில் ஓட்டினார். சேற்றில் கால் பரப்பி நிற்கும் பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களைக் காடு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கொசு பிடித்த இடம், அவ்வளவுதான். காலையில் மரங்களைச் சாய்ப்பார். மத்தியானம் சாய்ந்த மரங்களின்மேலேயே லோரிகள் செம்மண் கொட்டும். பொழுது சாய்வதற்குள் பரப்பி மிதித்துவிடுவார். அப்படித்தான் கிடங்குகள் வந்தன, சாலை வந்தது, கடைசியில் இந்தக் குடியிருப்பும் வந்தது.

வீடு வாங்கும்போது குமுதாவுக்குக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் சுங்கை வேயில் ஒரு பழைய வீட்டின்மேல் கண். பாலன்தான் கடலோர வரிசையின் மூலை வீட்டைக் கேட்டு வாங்கினார்.

"அங்க அடியில என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? இது நான் மிதிச்ச மண்ணு. அடியில பூரா பாக்காவ். சேத்துக்குள்ள அது நூறு வருஷத்துக்கு மக்காது."

பொய் சொல்லவில்லை. பாக்காவ் கழிகளைச் சேற்றில் வரிசையாக அடித்து இறக்கி, அதன்மேல் கட்டடம் எழுப்புவதைப் பார்த்தே வேலை பழகியவர். அடித்து இறக்கிய கழி வேறு, குவியலாகப் படுத்துக் கிடக்கும் மரம் வேறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சில வருஷங்களில் தரை இறங்கியது. அலையை வாங்கிக்கொள்ள முன்னால் மரமும் இல்லை. பெரிய ஏற்றம் வரும்போதெல்லாம் கடல் சாக்கடை வழியாக வீட்டுக்குள் வந்தது. பாலன் இரண்டு முறை மண் போட்டுத் தரையை உயர்த்தினார். கதவு நிலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டாம் முறை குமுதா சொன்னாள்: "இன்னொரு லோரி போட்டா தவழ்ந்துதான் உள்ள வரணும்."

இப்போது கம்பெனி ஆட்கள் ஒரே நிற டி-ஷர்ட்டில் வந்து, கரையில் பாக்காவ் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாதியை அலை சாய்த்துவிடும். பாலன் போய் நிமிர்த்தி வைப்பார். கேட்டால், "சும்மா நடக்கப் போனேன்" என்பார்.

இன்றைய சேற்றைத் தள்ளி முடித்த பாலன், காலைக் கழுவிவிட்டு அறைக்குள் போனார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மகள் விஷ்ணுப்ரியா ஒன்பது மணிக்குக் காரோடு வந்துவிடுவாள்.

"பத்து நாள் இருந்துட்டு வரியா?"

"பத்து நாளைக்கா குக்கர எடுத்து வைக்கிறேன்?"

"அவ வீடு பதினோராவது மாடி. உனக்கு லிஃப்ட்டுன்னா பயம்லா."

"பயந்துக்கிட்டே ஏறிக்கிறேன். தண்ணி லிஃப்ட்டுல வராது." பையை அமுக்கினாள். "உங்களுக்கும் நாலு சட்டை வச்சிருக்கேன். வர்றதா இருந்தா வாங்க."

"பூட்டிட்டுப் போனா சேத்த யாரு தள்றது?"

"வாழ்நாள் பூரா தள்ளிட்டீங்க. போதும்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். பாலன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கை நகத்தில் சேறு காய்ந்திருந்தது.

"மரத்தப் படுக்க வச்சு மூடிட்டேன் குமுதா. தப்பாயிருச்சு."

இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தை இன்றுதான் வந்தது. குமுதாவின் கை பையின் ஜிப்பிலேயே நின்றது.

"அதோட இடத்துலயே நிக்க விட்டிருக்கலாம்ல," என்றாள்.

வெளியே கார் ஹாரன் கேட்டது.

"வர்ற மாசம் பெரிய ஏத்தம் இல்ல," என்றார் பாலன். "அதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு லோரி மண்ணு போட்டுப் பாக்கலாமா?"

குமுதா பையைத் தூக்கிக்கொண்டாள். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனாள்.