மேசையைத் தட்டிச் சொன்ன வார்த்தை

“ஐ மைட் பாஸிப்ளி கம்” என்று சொல்லும்போது பஸீலாவின் வலது உள்ளங்கை காற்றில் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. சீட் இருக்கிறதா என்று கேட்பவருக்கு, இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று கண்டக்டர் கையை ஆட்டிக் காட்டுவாரே, அதுபோல. “ஐ குட் ப்ராபப்ளி கம்” என்றால் ஆட்டம் நின்று கை ஒரு பக்கமாய்ச் சாயும். “ஐ வில் டெஃபினிட்லி கம்” என்றால் அதே கை மேசைமேல் பட்டென்று இறங்கும். முன்வரிசைப் பேனாக்கள் ஒருமுறை துள்ளி அடங்கும்.

“மிஸ், மேசை உடைஞ்சா அதையும் எங்க ஃபீஸ்ல சேத்துருவாங்களா?” என்பான் ஹாலித். துபாய் விசாவுக்குக் காத்திருப்பவன். வகுப்பிலேயே வாய் நீளமானவன்.

“ப்ராபப்ளி” என்பாள் பஸீலா, கையைச் சாய்த்துக் காட்டி.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்ஃபோன் கவர் விற்கும் கடையின் மாடியில் நடக்கிறது இந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. கீழே “சமயபுரம், சமயபுரம்” என்ற கூவலும் ஏர்ஹாரனும் ஓய்வதே இல்லை. பாதி வார்த்தை மாணவர்களின் காதில் விழாது. அதனால் வந்த பழக்கம்தான் இந்தக் கைஜாடை. கேன், குட், மே, மைட், வில், வுட் எல்லாவற்றுக்கும் ஒரு கை இருக்கிறது. பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் பாஸிப்ளி, பெர்ஹாப்ஸ், சர்ட்டன்லி வகையறாவுக்கும் இருக்கிறது. ஊமைப்படம் பார்ப்பதுபோல் பார்த்தே சில பிள்ளைகள் பாடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

“மொட்டையா ‘கேன்’, ‘வில்’னு நிப்பாட்டாதீங்க. பக்கத்துல ஒண்ணு சேத்துச் சொல்லுங்க. அப்பத்தான் படிச்சவங்க பேசுற மாதிரி இருக்கும்.” இதை அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. கல்லூரியில் முதல் வருடம், கேன்டீனில், “ஐ வான்ட் வாட்டர்” என்று கேட்டதற்குப் பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து கற்றுக்கொண்டது. அன்று முதல் அவள் ஆங்கிலம் நேராக நடந்ததில்லை; எப்போதும் ஒரு குட், ஒரு பெர்ஹாப்ஸ் கைபிடித்துக் கூட்டிவரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவரிடமும் அவள் இன்றுவரை பேசியதில்லை. மாணவர்களுக்கு இது தெரியாது.

வீட்டில் வேறு பாஷை. அத்தா கியாசுதீன் சவூதியில் தம்மாமிலிருந்து திரும்பி, பாலக்கரையில் சூட்கேஸ்களுக்கு ஜிப் மாற்றித்தரும் கடை வைத்திருக்கிறார். “நாளைக்கு வந்து எடுத்துக்கங்க, இன்ஷா அல்லாஹ்” என்றுதான் ஒவ்வொரு பெட்டியையும் வாங்கி வைப்பார். அம்மா மஜீதாவுக்கு நாளைய மீன்குழம்புகூட இன்ஷா அல்லாஹ்தான். இறைவன் நாடினால் என்ற அந்தத் துணையில்லாமல், நாளையைப் பற்றிய எந்த வாக்கியமும் அந்த வீட்டில் தனியாக நிற்பதில்லை. பஸீலாவும் அங்கே அப்படித்தான் பேசுவாள். வகுப்பின் படியேறும்போது அந்த வார்த்தையைக் கீழேயே விட்டுவிடுவாள். விடச்சொல்லி யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷ் சொல்லித்தருகிறவளுக்கு அது எடுப்பாக இருக்காது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரிக்கு இப்படி நிறைய முடிவுகள் இருந்தன.

கொஞ்ச நாளாக இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. வகுப்பு முடிந்து பாலக்கரை பஸ்ஸுக்குப் போக, நிலையத்துக்குள் நேராக நடந்தால் போதும். அவளோ வெளியிலேயே நடந்து, பழக்கடைகளைச் சுற்றி, மறுபக்கமாய் நுழைகிறாள். நேர்வழியில் துறையூர் பஸ்கள் நிற்கின்றன. உப்பிலியபுரம் போகிற பஸ்ஸும் அங்கேதான்.

உப்பிலியபுரத்திலிருந்து தினமும் வந்து போனவள் வள்ளிக்கண்ணு. தெப்பக்குளம் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. காலையில் இந்த வகுப்பு, பிறகு கடை. ஸ்ரீரங்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில், வரவேற்பறைக்கு ஆள் எடுக்க இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். ஆடித் தள்ளுபடி நேரம். கடையில் ஒரு நாள் லீவு கேட்டால், ஒரேயடியாக நின்றுகொள் என்பார்கள். என்ன செய்வதென்று கேட்க, மகளையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மா இருசம்மாளே வந்தாள். செருப்பைக் கீழ்ப்படியில் கழற்றிவிட்டு, மாடிப்படி முழுக்க வெறுங்காலில் ஏறி வந்தாள்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். கெடைச்சிரும்னா கடைய விட்டுரச் சொல்றேன்.”

“வேணாம்மா, ஆடி முடியட்டும். வேற எடத்துல கூப்புடாமயா போயிருவாங்க” என்றாள் வள்ளிக்கண்ணு.

“நீ சும்மா இருடி. டீச்சர் சொல்லட்டும்.”

நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் கேட்கும்போது, தெரியாது என்று யாராவது சொல்வார்களா? மனசு கோணாமல் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதுதானே வழக்கம். “கண்டிப்பாக் கிடைக்கும்ங்க” என்றாள் பஸீலா. இன்ஷா அல்லாஹ் தொண்டைவரை வந்தது, விழுங்கினாள். விழுங்கிய இடத்தை நிரப்புவதுபோல் கை தானாக எழுந்து மேசையைத் தட்டியது. இருசம்மாள் அந்தக் கையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வள்ளிக்கண்ணு கடையை விட்டு நின்றாள். இன்டர்வியூ முடிந்த அன்று ஃபோனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். “மிஸ், நைட் ஷிஃப்ட் பார்ப்பீங்களான்னு கேட்டாங்க. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி ‘ஐ குட் ப்ராபப்ளி மேனேஜ்’னேன். ரெண்டு வருஷம் இருப்பீங்களான்னாங்க. ‘ஐ வுட் பெர்ஹாப்ஸ் ஸ்டே’ன்னேன். எதுக்குமே உறுதியாப் பதில் சொல்லலையே, எங்களுக்கு நம்பி விடுற மாதிரி ஆள் வேணும்னுட்டாங்க. நான் ரெண்டுமே செய்வேன் மிஸ். செய்யமாட்டேனா?”

பஸீலா அதைப் பலமுறை கேட்டாள். பதில் தட்டினாள், அழித்தாள். கடைசியில் பதிலே போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் தயங்கச் சொல்லிக்கொடுத்தவளும், அவள் அம்மாவிடம் தமிழில் தயங்காமல் அடித்துச் சொன்னவளும் ஒரே ஆள்தானா? இன்ஷா அல்லாஹ்வை விழுங்கியதால் வேலை போயிற்று என்று அவள் நினைக்கவில்லை. சொல்லியிருந்தால், தெரியாததைச் சொல்கிறோம் என்பது தன் காதிலாவது விழுந்திருக்கும் என்று நினைத்தாள். பழக்கடைகளைச் சுற்றி நடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சுற்றிப் போயும் ஒரு சாயங்காலம் பலிக்கவில்லை. கொய்யாப்பழ வண்டிக்குப் பின்னாலிருந்து, “டீச்சர்” என்று குரல் வந்தது. இருசம்மாள். கையில் துணிக்கடை கவர்.

“நல்லாருக்கீங்களா டீச்சர்? எளைச்சிட்டீங்களே.”

“நல்லாருக்கேங்க. எங்க இவ்வளவு தூரம்?”

“கடைக்குத்தாங்க. புள்ளைய மறுபடி சேத்துக்குங்கன்னு கேட்டுப் பாத்தேன். ஆளப் போட்டுட்டாங்களாம். யூனிஃபார்ம் சேலையக்கூட வாங்கிக்கல.” அவள் கவரை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “எனக்கு அதுகூடப் பெருசில்ல டீச்சர். நீங்க அம்புட்டு அடிச்சுச் சொன்னீங்க. இவ அங்க போயி என்னத்த ஒளறித் தொலைச்சாளோ. டீச்சர் வாக்கையே கெடுத்துட்டியேடின்னு கேட்டேன். அன்னையிலேர்ந்து அவகிட்ட மொகங்குடுத்துப் பேசல நானு.”

“அவ என்ன சொன்னா?”

“என்ன சொல்லுவா? வாயே தொறக்கல. எங்கூட வெங்காயம் புடுங்க வாரா, போறா.”

வள்ளிக்கண்ணு சொல்லவில்லை. மிஸ் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் சொன்னேன் என்ற ஒரு வாக்கியம் போதும். பழி இடம் மாறியிருக்கும். அதை அம்மாவிடம் சொல்லாமல் அந்தப் பெண் வெங்காயக் காட்டில் குனிந்து நிற்கிறாள். இங்கே கொய்யாப்பழ வாசனைக்கு நடுவில் பஸீலாவுக்குக் காது மடல் சுட்டது. பஸ் வந்துவிட்டது, வரேங்க என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உண்மையாகவே வந்தும் நின்றது.

“அவ ஒளறலைங்க” என்றாள். “நான் சொல்லிக்குடுத்ததத்தான் அப்படியே சொன்னா. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு.”

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். அவளுக்காகப் பேசுறீங்க நீங்க.”

“இல்லைங்க. வேலை கிடைக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமத்தான் மேசையத் தட்டுனேன்.”

பாலக்கரை பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. இருசம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, ஆடி முடியட்டும்னு இருந்திருப்பமேம்மா.”

இந்த முறை ‘டீச்சர்’ என்று கூப்பிடவில்லை.

இருசம்மாள் கவருக்குள் கையைவிட்டு பட்டன் ஃபோனை எடுத்தாள். ஒரு எண்ணை அழுத்திப் பிடித்தாள். மணி போவது கேட்டதும் நீட்டினாள். “எங்கிட்டச் சொல்லி என்ன? அவகிட்டச் சொல்லுங்க.”

பஸீலா ஃபோனைக் காதில் வைத்தாள். எதிர்முனையில் காற்றுச் சத்தம், யாரோ ஆட்களைக் கூப்பிடும் சத்தம். பிறகு, “அம்மா?” என்று ஒரு குரல், முகங்கொடுத்துப் பேசாத அம்மா கூப்பிடுகிறாளே என்று தயங்குவதைப்போல.

பழக்கத்தில் பஸீலாவின் வலது கை எழுந்தது. ஆடவில்லை, சாயவில்லை. பாதியில் நின்ற அந்தக் கையையும் கொண்டுபோய், ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.