மூச்சு படாத கண்ணாடி

தன் முகத்துக்குக் காட்டாத கரிசனத்தைக் காரின் முன்கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார் பளிங்கு. உள்ளங்கை நிறையச் சவர நுரை. மூச்சின் ஆவி படியாமலிருக்க அதை உட்பக்கம் பூசி, பழைய பனியன் துணியால் நுரை போய் வழவழப்பு மட்டும் மிஞ்சும்வரை துடைக்கிறார். தாடையிலோ வாரக்கணக்கான முள். கேட்டால், "என் மூஞ்சியில ஆவி படிஞ்சா யாரு மோதப்போறா?" என்பார்.

வாடகைக் கார் நிறுத்தத்தில் பளிங்கு என்ற அந்தப் பட்டப்பெயர் சும்மா கிடைத்துவிடவில்லை. மழை பிடித்தால் மற்ற ஓட்டுநர்கள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் கண்ணாடியைத் தேய்த்தபடி தடவித் தடவி வருவார்கள். பளிங்கின் வண்டி மட்டும் கண்ணாடியே போடாததுபோல் வரும். ஒரு பயணி அப்படியே நம்பி, தலையை நீட்டி வெளியே எட்டிப் பார்க்கப்போய் நெற்றியை வீங்கவைத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அதை நம்பாதவர்களும் சொல்லாமல் விடுவதில்லை.

இருக்கைகளுக்கு அடியில் உப்பு நிரப்பிய காலுறைகள் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கும். நனைந்த குடைக்கு டிக்கிதான் கதி. வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானை யாராவது தொட்டால், சொத்தைப் பல்லைத் தொட்டதுபோல் துடிப்பார். "நாம விட்ட மூச்சையே நாம திரும்பக் குடிக்கணுமா சார்?"

இத்தனை வித்தையும் ஒரே ஒரு பயணிக்காக என்பது நிறுத்தத்தில் யாருக்கும் தெரியாது.

மனைவிக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. மாலையில் அவளை அழைத்து வருவதுதான் இவருடைய கடைசிச் சவாரி. ஏறியதும் கதை தொடங்கும். கஞ்சி அடிப்பிடித்ததில் கிளம்பி, மேற்பார்வைக்காரியின் கொண்டைவரை போகும். அதைக் கேட்கவே இவர் சுற்றுவழியில் வருவார். போன மழைக்காலத்தில் ஒருநாள், வளைவில் கண்ணாடி வெளுத்துவிட்டது. எதிரே லாரி. பயத்தில், "வாயை மூடித் தொலை, கண்ணாடி மூடுது" என்றுவிட்டார்.

மூடினாள். வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. குழாய் ஒழுகுவது, எண்ணெய் தீர்ந்தது எல்லாம் வரும். காரில் மட்டும் மூச். அதற்குப் பிறகு வந்தவைதான் நுரையும் உப்பும். கண்ணாடியைப் பளிங்காக்கி, "இனிமே எவ்வளவு பேசினாலும் மூடாது" என்று காட்டினார். அவள் வீட்டுக்குள் வந்த பிறகு பதில் சொன்னாள்: "நான் பேசாம வர்றதாலதான் மூடல."

நுரை இருக்கும்வரை அந்த வாதமும் அசையாது.

நேற்று மாலை நல்ல மழை. பளிங்கு ஈரத்துணியால் நுரைப் பூச்சைத் துடைத்தெடுத்தார். காலுறைகளை டிக்கியில் எறிந்தார். மனைவி ஏறியதும், சொட்டும் குடையைத் தானே வாங்கி அவள் காலடியில் வைத்தார். ஏசியை அணைத்தார். தொடக்கூடாத அந்தப் பொத்தானைத் தன் விரலாலேயே அமுக்கினார். இவ்வளவு பெரிய வித்தைக்காரர் தன் வித்தையைத் தானே கவிழ்ப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்திலேயே கண்ணாடியின் ஓரங்கள் வெளுத்தன. வண்டியை ஓரங்கட்டினார். இருவரும் வாய் திறக்கவில்லை. மூலைகளிலிருந்து நடுவை நோக்கி, அவசரமே இல்லாமல், கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"நான் ஒரு வார்த்தை பேசலையே."

"ஆமா. என் மூச்சும்தான் மூடியிருக்கு. பழியை உன் பேச்சு மேல போட்டுட்டேன்."

குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி, காலை இருக்கைமேல் மடித்து வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கொண்டைக்காரி இன்னைக்கு என்ன பண்ணா தெரியுமா?"

பளிங்கின் கை பழக்கத்தில் துடைக்கும் துணிக்குப் போயிற்று. எடுத்தவர், அதை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.