அப்பச்சியின் பல்செட்

பந்தியில் பரிமாறுகிறவனுக்குக் கை சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள், சமையல் மேஸ்திரி குழந்தைவேலுவிடம் ஒரு நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் அடுப்பு மூட்டுவது அவர் ஆட்கள்தான். இலைக்கு முன்னால் நிற்கிறவன் ஆள் வாட்டசாட்டமாக இருக்க வேண்டும், வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டும், வாயைத் திறந்தால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவனுக்குப் பாத்திரம் கழுவுகிற இடத்தைக் கைகாட்டி விடுவார்.

வீரையாவுக்கு முதல் இரண்டுக்கும் குறைவில்லை. இளவயதிலிருந்தே இனிப்பு பரிமாறும் வேலை அவருடையதுதான். இனிப்பு என்றால் சும்மாவா? மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலில் போய் நிற்கிற முகம் அது. "இன்னங் கொஞ்சம் வச்சுக்கங்க, எங்க வீட்டுக்கா திரும்பக் கொண்டு போகப் போறேன்" என்று அவர் சொல்வதைக் கேட்கவே சிலர் இலையை மூடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அந்த வாய்க்குக் கேடு வந்தது. முதலில் ஈறில் ரத்தம். பிறகு மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன. கிராம்பு வைத்தார், உப்புத்தண்ணீர் கொப்பளித்தார், புகையிலையை அடக்கிப் பார்த்தார். வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே இருந்தது ஒரு குறடும் அதைப் பிடிக்க ஒரு கம்பவுண்டரும்தான். பல்லைக் காப்பாற்றுகிற டாக்டர் மதுரையில் இருந்தார். பேருந்துக்குக் கொடுத்து, அவருக்கும் கொடுத்து, அன்றைய கூலியையும் விட்டுவிட்டுப் போக வீரையாவால் முடியுமா? கம்பவுண்டர் பிடுங்கினார். அடுத்த மாதம் இன்னொன்று. நாற்பது வயது ஆகும் முன்னே மேல்வரிசை மொத்தமும் போய், உதடு உள்ளே மடிந்து, வீரையா கிழவர் ஆகிவிட்டார்.

ஒக்கூரில் ஒரு கல்யாணம். "வச்சுக்கங்க" என்று வீரையா குனிந்தபோது எச்சில் தெறித்து ஒருவருடைய இலையில் விழுந்தது. அந்த மனிதர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். குழந்தைவேலு சத்தம் போடவில்லை. பந்தி முடிந்ததும் வீரையாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "நாளையிலேருந்து இலை எடுக்குற பக்கம் நில்லு வீரையா. தப்பா நெனச்சுக்காத" என்றார்.

இலை எடுக்கிறவன் பந்தி எழுந்த பிறகுதான் உள்ளே வரலாம். நேற்று வரை தன்னிடம் சிரித்துப் பேசியவர்களின் எச்சில் இலையை வீரையா இன்று கூடையில் வாரினார். தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடியும் இனிப்புக் கரண்டி கைக்கு வர வேண்டும், அதற்கு வாயில் பல் வேண்டும். இதைத் தவிர அவர் மனசில் வேறு நினைப்பே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் செக்காலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு சுகாதார அதிகாரி வந்து பேசினார். உலகத்துப் பெரிய டாக்டர்கள் எல்லாரும் எங்கேயோ ஒரு சீமையில் கூடி, மனுஷனுடைய பல்லைப் பற்றி யோசித்திருக்கிறார்களாம். மேஜை மேல் சுண்ணாம்பில் செய்த பெரிய தாடை ஒன்று. அதை ஒரு பிரஷால் மேலும் கீழும் தேய்த்துக் காட்டினார். சாம்பலில் தேய்க்கக் கூடாது, கரியில் தேய்க்கக் கூடாது, காலையும் ராத்திரியும் பிரஷும் பேஸ்ட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பிரஷைக் கடையில் தொங்கும்போது பார்த்ததோடு சரி.

வீரையா கூட்டத்தின் பின்னாலிருந்து எழுந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயா, போன பல்லுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

அதிகாரி நல்ல மனிதர்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இந்தத் திட்டத்துல வராது. இருக்கிற பல்லைக் காப்பாத்துறதுதான் நம்ம திட்டம்" என்றார். கூட்டம் சிரித்தது. வீரையா உட்கார்ந்துவிட்டார். உலகமே கூடிப் போட்ட திட்டத்தில் அவர் வாய் விட்டுப் போனதற்கு அவர்தான் வெட்கப்பட வேண்டியிருந்தது, பாருங்கள்.

கொத்தமங்கலத்தில் வயிரவன் செட்டியார் வீட்டுக்கு வீரையா அவ்வப்போது எடுபிடி வேலைக்குப் போவார். செட்டியாருக்கும் மேல்வரிசைப் பல் இல்லை. ஆனால் அவருக்குப் பினாங்கில் கடை இருந்தது, அங்கே ஒரு சீனத்துப் பல் டாக்டரும் இருந்தார். பல்செட் கட்டும்போது செட்டியார் ஒரு பிடிவாதம் பிடித்தாராம். பிறவியிலேயே அவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதே சந்தை வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குப் போனால் பெற்ற மகளுக்கே என்னை அடையாளம் தெரியாது என்று சொல்லிக் கட்டி வாங்கி வந்தார். ராத்திரி அது கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீருக்குள் கிடக்கும். வேலைக்குப் போகிற நாட்களில் காலையில் தண்ணீர் மாற்றுவது வீரையா. மாற்றும்போதெல்லாம் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

செட்டியார் காலமானார். காரியங்கள் முடிந்ததும், மெட்ராஸிலிருந்து வந்திருந்த மகன் முத்துராமன், அப்பச்சி என்று அவர்கள் கூப்பிடும் அப்பா படுத்திருந்த அறையைக் காட்டி, "பாய், தலகாணி, மருந்துப் பாட்டில் எல்லாத்தையும் கண்மாய்க்கு அங்குட்டுக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துரு வீரையா" என்றார். கட்டிலுக்கு அடியில் அந்தத் தம்ளரும் இருந்தது. யாருக்கும் ஞாபகம் இல்லை.

கண்மாய்க் கரைக்கு அப்பால் வீரையா எல்லாவற்றையும் போட்டார். தம்ளரைக் கவிழ்த்தார். பல் புல்லில் விழுந்தது. இரண்டு எட்டு நடந்தார், நின்றார், திரும்பிப் பார்த்தார். ஆடு மேய்க்கிறவர்கூட அந்தப் பக்கம் இல்லை. குனிந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டபோது, யாருடைய மடியிலோ கைவிட்ட மாதிரி இருந்தது.

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தார். அரத்தால் ஓரத்தை ராவினார். ராவிய இடத்தில் தொளதொளத்ததற்குத் துணி வைத்தார். ஆனாலும் அது இன்னொருவர் தாடைக்குச் செய்தது. ஈறைக் கடித்தது, அண்ணத்தைக் கிழித்தது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டே கண்ணாடி முன்னால் நின்று "வச்சுக்கங்க, வச்சுக்கங்க" என்று சொல்லிப் பழகினார்.

மனைவி பொன்னுத்தாயி கண்டுபிடிக்காமல் இருப்பாளா? செட்டியாரை நேரில் பார்த்தவள்; முன்பல் நடுவே அந்தச் சந்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"செட்டியாரு பல்லையா வச்சிருக்கீக?"

"எறிஞ்சுட்டு வரச் சொன்னதுதான். களவாங்கல."

"எச்சி இலை எடுக்க வெக்கப்பட்டீக. இப்பச் செத்தவுக எச்சிப் பல்லையே வாயில வச்சுக்கிட்டு நிக்கிறீக." அவள் அழுதாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

ஊருக்குச் சொன்ன கதை வேறு. மதுரைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தேன் என்றார். குழந்தைவேலு முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, மாப்பிள்ளை கணக்கா இருக்கியேப்பா" என்று கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். வாய் முழுக்கப் புண்ணோடு வீரையா மறுபடியும் இனிப்புப் பரிமாறினார்.

இரண்டு வருஷம் கழித்து அதே கொத்தமங்கலம் வீட்டில் கல்யாணம். செட்டியாரின் மகள் கண்ணம்மை ஆச்சியின் பெண்ணுக்கு. சமையல் குழந்தைவேலுவுக்குத்தான் வந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று வீரையா சொல்லிப் பார்த்தார். "மூலைமுடுக்கு தெரிஞ்ச ஆளு நீதான், நீயே வரலேன்னா எப்படி?" என்று மேஸ்திரி விடவில்லை. சரி, உதட்டைத் திறக்காமல் சமாளித்துவிடலாம் என்று போனார்.

முதல் பந்தியில் சமாளிக்கத்தான் செய்தார். கவுனி அரிசி இனிப்பை வைத்துக்கொண்டே போனார், தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாம் பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "சீக்கிரம் இன்னொரு கரண்டி வைப்பா. எங்க வீட்டு ஆச்சி இங்குட்டுத் திரும்புறதுக்குள்ள நான் முழுங்கியாகணும்" என்றார். வீரையா தன்னை மறந்து சிரித்துவிட்டார்.

பந்தி விசாரித்துக்கொண்டு வந்த கண்ணம்மை ஆச்சி அப்படியே நின்றாள். கையிலிருந்த வெற்றிலைத் தட்டு சாய்ந்து பாக்கு உருண்டது. அவள் வீரையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

பந்தி முடிந்ததும் வீட்டின் உள்முற்றமான இரண்டாங்கட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கொல்லை வழியாக ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால் திருடன் என்றாகிவிடும். போனார். கண்ணம்மை ஆச்சி தனியாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீரையா, அது எங்க அப்பச்சி பல்லு."

காலில் விழுந்துவிட்டார். "முத்துராமன் ஐயாதான் கண்மாய்க்கு அங்குட்டுப் போடச் சொன்னாக ஆச்சி. போட்டுட்டேன். மனசு கேக்கல, எடுத்துட்டேன். பல்லு இல்லாம இலை எடுக்க விட்டுட்டாக..." ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் பல்லைக் கழற்றினார். துண்டில் துடைத்து நீட்டினார். எச்சிலும் ரத்தமுமாக அதை ஒரு சீமாட்டியின் முன்னால் நீட்டியதை நினைத்தால், சாகிற வரைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

ஆச்சி வாங்கவில்லை. "அதை வாயில போடு" என்றாள்.

"ஆச்சி?"

"போடு வீரையா. போட்டுட்டு, இப்பச் சிரிச்சியே, அது மாதிரி ஒரு தடவ சிரி."

கேலி செய்கிறாளோ என்று பார்த்தார். இல்லை. கண் நிறைந்து நின்றது. வீரையா பல்லை மாட்டிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு, உதட்டை விரித்தார். ஆச்சி கிட்டே வந்து அந்தச் சந்தையே பார்த்தாள். "அப்பச்சி" என்றாள். அந்த இடத்தில் வீரையா என்று ஒரு ஆள் இல்லவே இல்லை. பல்லைத் தாங்கிக்கொண்டு நிற்கிற கட்டைதான் இருந்தது.

"நீயே வச்சுக்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. செட்டியாரின் திதி வந்தது. வீரையாவுக்கு ஆள் வந்தது. இலை போட்டுச் சாப்பாடு, வேட்டி துண்டு, எல்லாம் மரியாதையாகத்தான். சாப்பிடும் முன்னால் இரண்டாங்கட்டுக்குக் கூப்பிட்டு, "சிரி வீரையா" என்றாள். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். ஆச்சிக்கு ஒரு பொல்லாப்பும் மனசில் இல்லை. அவள் அப்பாவைப் பார்க்கிறாள். வேட்டியை வாங்கிக்கொண்டு வருகிறவருக்குத்தான் ஊரில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

இதற்குள் அவர் வாய் கெட்டுப்போயிருந்தது. ஈறு கரையக் கரையப் பல்செட் இன்னும் தொளதொளத்தது, அண்ணத்துப் புண் ஆறவே இல்லை. காரைக்குடி ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "இது யாருக்கோ செஞ்சது. இதைப் போடாதீங்க. உங்களுக்குன்னு ஒண்ணு கட்டிக்கங்க" என்றார். எங்கே கட்டுவது என்று வீரையா கேட்கவில்லை. மதுரை என்பார். ஆஸ்பத்திரிச் சுவரில் வெளுத்துப்போன படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் பிரஷோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

ராத்திரிச் சோற்றை வைத்துவிட்டு அன்றைக்குப் பொன்னுத்தாயி உள்ளே போகவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு எதிரே உட்கார்ந்தாள். "ஆச்சிகிட்ட வாயத் தெறந்து கேளுங்க. அவுகளுக்கு ஒரு பல்லு பெருசா? மதுரையில உங்களுக்குன்னு கட்டித் தரச் சொல்லுங்க. அந்தச் சனியன அவுககிட்டயே குடுத்துட்டு வந்துருங்க. நானும் உங்ககூட உக்காந்து ஒரு வாய் சாப்புடுறேன்."

அந்த வருஷத் திதிக்கு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டாங்கட்டில் ஆச்சி வந்து நின்றதும், அவள் "சிரி" என்று சொல்லும் முன்னால் சொல்லிவிட்டார்.

"ஆச்சி, இது எனக்குச் சேரல. வாயெல்லாம் புண்ணா இருக்கு. மதுரையில எனக்குன்னு ஒண்ணு கட்டிக் குடுத்தீகன்னா, இத உங்ககிட்டயே தந்துருவேன்."

கண்ணம்மை ஆச்சி அவரை ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"எதுக்கு வீரையா? இதுதான் உனக்கு நல்லா இருக்கே. வேற பல்லு கட்டிட்டியின்னா, அப்புறம் நான் அப்பச்சிய எங்குட்டுப் போய்ப் பாக்குறது?"

வீரையாவுக்கு, நியாயமாகத்தான் கேட்கிறாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

"சிரி" என்றாள் ஆச்சி. சிரித்தார்.

சாப்பாட்டு இலைக்கு முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பல்லைக் கழற்றித் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, சோற்றைக் குழைத்து விழுங்கினார். பல்லைத் திரும்ப மாட்டிக்கொண்டு வேட்டி துண்டை வாங்கிக்கொண்டு நடந்தார்.

பொன்னுத்தாயி இரண்டு வட்டில் எடுத்து வைத்துக் காத்திருந்தாள். "கேட்டீகளா?" என்றாள்.

"கேக்க மறந்துட்டேன்" என்றார் வீரையா.

அவள் ஒரு வட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.